கோத்தகிரியில என்ன இருக்குது?

உக்காருங்க அம்மிணி. கரண்டு இப்பத்தான் போச்சு. ஸ்டூடியோக்காரத் தம்பி 'அஞ்சு நிமிசத்துல வந்துருமுங்க'ன்னு சொல்லும், நம்பாதீங்க. காத்து இந்த அடி அடிச்சா எங்க கோபியில அரை மணி நேரத்துக்குக் கொறையாது. பாஸ்போர்ட் சைசு போட்டோவுங்களா? நானு கல்யாண போட்டோ வாங்க வந்தேன். எங்கூட்டுக் கல்யாணம் இல்லீங்க, எங்க ஸ்டெல்லா டீச்சரு கல்யாணம். அதைச் சொல்லோணும்னா மொதல்ல நாங்க டூர் போனதைச் சொல்லோணும். சொல்றேன். சும்மா உக்காந்திருக்கறதுக்கு நேரம் போவோணுமல்ல.

நானு துளசிமணிங்க. கேர்ல்ஸ் ஸ்கூல்ல சத்துணவு அமைப்பாளர். முந்நூத்திப் பத்து புள்ளைங்களை வரிசையில நிறுத்திச் சோறு போட்டுப் பழகுனதால கொஞ்சம் சத்தமாத்தான் பேச வரும். ஆனா எச்சாப் பேச மாட்டேன். தேவைக்குத்தான்.

ஸ்டெல்லா எங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சரு. வயசு நாப்பத்தொம்பது. எப்பப் பாத்தாலும் டிராக் பேன்ட்டு, கழுத்துல விசிலு. அவ விசிலு ஊதுனா தெருவுல போற மாடு கூட நின்னுரும். கல்யாணம் ஆகாதவ. அம்மாவைக் கடைசி வரைக்கும் வெச்சுப் பாத்தா, அவிய போனதுக்கப்பறம் தனியாத்தான் இருந்தா. இன்னொருத்தி மெகருன், தையல் டீச்சரு. அவ பேசவே மாட்டா. ஊசியில நூல் கோத்துட்டே எல்லாத்தையும் கேட்டுக்குவா. நாங்க மூணு பேரும் பதினெட்டு வருசமா ஒட்டுக்காத்தான் இருக்கறோம். அவிய மனசுல என்ன இருக்குதுன்னு மூஞ்சியப் பாத்தே நானு சொல்லிப்போடுவேன்.

போன ஏப்ரல்ல, பரீச்சை நடக்கற நேரம், பக்கத்து ஊட்டுப் புள்ள போன்ல ஒரு போட்டோ காட்டுச்சு. குண்டல்பேட்டையாமா. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சூரியகாந்தி, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மஞ்சளு. பாத்ததும் எனக்குத் தோணிப்போச்சு, இந்த லீவுல மூணு பேரும் காருலயே போயிட்டு வந்துரோணும்னு. ஸ்டெல்லாகிட்ட காரு இருக்குது. ஓட்டறதுல கெட்டிக்காரி. வேற என்ன வேணுமுங்க?

அடுத்த நாளே நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி பிளான் போட்டேன். சமையல் முடிஞ்சு ரெண்டு மணிக்கு மேல ஸ்டோர் ரூமுல அரிசி மூட்டை மேல உக்காந்து மூணு பேரும் பேசுவோம். வெடியால அஞ்சு பத்துக்குக் கெளம்பறது. ஆறு மணிக்குப் பண்ணாரி, சாமி கும்புட பதினஞ்சு நிமிசம். அப்பறம் திம்பம் மலை, ஆசனூரு, சாம்ராஜ்நகரு, குண்டல்பேட்டையில சூரியகாந்தி, அதுக்கு மட்டும் ஒண்ணரை மணி நேரம். ராத்திரி கூடலூர்ல லாட்ஜு. அடுத்த நாளு ஊட்டி, குன்னூரு, மேட்டுப்பாளையம், ஊடு. பாத்ரூம் போறதுக்கு ஏழு நிமிசம்னு அதையும் எழுதிப்போட்டேன். ஊட்டிக்கு இ-பாஸ் எடுக்கோணுமல்லங்க, அதையும் நானே எடுத்தேன். அவிய ரெண்டு பேருக்கும் ஒரு வேலையும் வெக்கல.

நோட்டைப் படிச்சுக் காட்டுனதும் ஸ்டெல்லா, "அக்கா, குன்னூர் வழியா எதுக்கு? கோத்தகிரி வழியா எறங்கலாமே"ன்னா.

"கோத்தகிரியில என்ன இருக்குது?"ன்னேன்.

"அங்க எனக்கு ஒரு..."

"தெரியும் தெரியும். தேயிலைத்தூள்தானே? ஊட்டியிலயே வாங்கிக்கலாம்"னு சொல்லீட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன். எனக்கு நேரம் முக்கியமுங்க. அவ எந்திரிச்சு கிரவுண்டுக்குப் போனா. மெகருன் மட்டும் இருந்தா. கொஞ்ச நேரங் கழிச்சு, "அக்கா, கோத்தகிரியைச் சேத்துக்குங்க. ஏன்னு அவங்ககிட்டயே ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்"னா.

"கேக்கறதுக்கு என்ன புள்ள இருக்குது? குளிரு இருக்குது. ஸ்வெட்டர் தூக்கிச் சொமக்கோணும்"னேன். அவளும் நூலை வாயில வெச்சுக் கடிச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அப்பறம் ஒரு நாள் சாயங்காலம் ஸ்டெல்லா எங்கூட்டுக்கே வந்தா. கையில ஒரு துணிக்கடைப் பை. உள்ளார ரெண்டு சேலை. ஒண்ணு கத்திரிப்பூ கலரு, இன்னொண்ணு மயிலுக் கழுத்து. டிராக் பேன்ட்டு போடறவளுக்கு எதுக்குச் சேலைன்னு நெனைச்சேன். தலைக்கு டை வேற அடிச்சிருந்தா. எங்கண்ணுல எதுவும் தப்பாதுங்க. "அக்கா, இதுல எது எனக்கு நல்லா இருக்கும்?"ன்னு கேட்டா. எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ரிட்டயர் ஆவறாங்கல்ல, அந்த விழாவுக்குன்னு எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. "மயிலுக் கழுத்தைக் கட்டு, மேடையில எடுப்பாத் தெரியும்"னேன். "மேடைக்கு இல்லக்கா..."ன்னா. அதுக்குள்ள எங்கூட்டுக்காரர் வந்துட்டாரு, டூர் போற நாலு நாளைக்கு அவருக்கு என்னென்ன செஞ்சு வெச்சுட்டுப் போறேன்னு நானு சொல்ல ஆரம்பிச்சேன். ரெண்டு நாள்தானுங்க டூரு, ஆனா நாலு நாளைக்குச் செஞ்சு வெக்கோணும், மனுசனுக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியாது. முழுசாச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஸ்டெல்லா காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பிட்டா. "ஒண்ணு சொல்ல வந்தேன் அக்கா, பரவால்ல, அப்பறம் சொல்றேன்"ன்னா. சேரின்னேன்.

மே மாசம் எட்டாந்தேதி கெளம்புனோம். அஞ்சு பத்துன்னா அஞ்சு பத்து. பண்ணாரியில சாமி கும்புட்டு செக்போஸ்ட்டைத் தாண்டுனா திம்பம். இருவத்தேழு வளைவுங்க. நீங்க போயிருக்கறீங்களா? போங்க ஒருக்கா. ஒவ்வொரு வளைவுலயும் கீழ பாத்தா பவானிசாகரு டேமுத் தண்ணி கொஞ்சங் கொஞ்சமாச் சின்னதா ஆயிட்டே வருது. மூங்கிலெல்லாம் காஞ்சு கெடந்தாலும் காத்து மட்டும் சில்லுன்னு வந்துச்சு. நானு முன்னாடி சீட்டுல உக்காந்து, வளைவு நம்பரைச் சத்தமா எண்ணிட்டே வந்தேன்.

பதினோராவது வளைவுல ஸ்டெல்லா, "அக்கா, நான் உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும். மூணு மாசமாச் சொல்லணும்னு இருக்கேன்"னா.

"ரோட்டைப் பாத்து ஓட்டு சாமி! எதுக்கால லாரி வருது பாரு! பன்னெண்டு!"ன்னேன். உசுரு முக்கியமல்லங்க. பின்னாடி மெகருன் பெருமூச்சு விட்டா. மலை ஏறுனா அவளுக்கு மூச்சு வாங்கும் போலிருக்குது.

குண்டல்பேட்டைக்குப் போயிச் சேந்தோம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்மண்ணு. பூவே இல்லீங்க! ஒரு பூ இல்லை. ஒரு சாண் ஒயரத்துக்குச் செடி, ரெண்டு ரெண்டு எலை. வண்டியை நிறுத்திக் காட்டுல களை எடுத்துட்டு இருந்த ஒருத்தருகிட்டக் கேட்டேன். அவரு கன்னடத்துல சொன்னதுல 'ஜூலை'ங்கற ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிஞ்சுது. என்ற பிளான்ல தப்பில்லீங்க. நேரத்துக்குப் பூக்காதது பூவோட தப்பு. ஆனாலும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ஒண்ணரை மணி நேரத்தை வெச்சுட்டு என்ன பண்றதுன்னு வரப்பு மேலயே உக்காந்துட்டேன்.

ஸ்டெல்லா பக்கத்துல வந்து உக்காந்தா. "உங்க பூ இல்லாமப் போச்சு. பதிலுக்கு எனக்குக் கோத்தகிரி குடுங்க அக்கா"ன்னா. சின்னப் புள்ள முட்டாய் கேக்கற மாதிரிக் கேட்டா. பாவமா இருந்துச்சு. நோட்டை எடுத்துக் குன்னூரை அடிச்சுப்போட்டு, கோத்தகிரின்னு எழுதினேன். தேயிலைத்தூளுக்கு இவ்வளவு ஆசையான்னு நெனைச்சுட்டேன்.

கூடலூர் லாட்ஜுல காலையில எந்திரிச்சுப் பாத்தா, ஸ்டெல்லா மயிலுக் கழுத்துச் சேலையைக் கட்டிட்டு கண்ணாடி முன்னாடி நிக்கறா. மெகருன் மடிப்பு வெச்சு விடறா. "காரு ஓட்டறதுக்கு எதுக்கு சேலை?"ன்னேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கறாங்க.

ஊட்டியில ஒரே கூட்டம், நிக்கவே இல்லை. பதினோரு மணிக்குக் கோத்தகிரியில ஒரு சரிவுல காரை நிறுத்துனா. சுத்தி தேயிலை. நடுவால ஓட்டு வீடு, செவுரெல்லாம் புதுசா வெள்ளை அடிச்சிருந்துச்சு. கேட்டுல ஒருத்தரு, பழுப்பு ஸ்வெட்டரு, தலையெல்லாம் நரை, கையைக் கட்டிட்டு நிக்கறாரு. "வாங்க, வாங்க"ன்னாரு. நானு பாத்ததும் கண்டுபுடிச்சுட்டேன். இப்பெல்லாம் மலையில ஊட்டையே ரூம் ரூமா டூரு வர்றவியளுக்கு வாடகைக்கு உடறாங்கல்லங்க, அது! ஸ்டெல்லா எனக்குத் தெரியாம ரூம் போட்டுட்டான்னு நெனைச்சேன்.

வாடகை எவ்வளவுன்னு கேட்டேன். அந்த மனுசன் ஸ்டெல்லாவைப் பாத்தாரு. "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்க"ன்னாரு. இப்படித்தான் மொதல்ல சொல்லுவாங்க, கடைசியில தீட்டிருவாங்கன்னு நானு உள்ளார போயி ரூமைப் பாத்தேன். "பெட்ஷீட்டை மாத்திக் குடுங்க"ன்னேன். "சரிங்க"ன்னு மாத்துனாரு. பக்கெட்டு சின்னதா இருக்குதுன்னேன். பெருசு கொண்டாந்தாரு. டீ குடுத்தாரு. "மலையில இருந்துட்டு இப்படித் தண்ணி டீ போடறீங்களே"ன்னேன். அதுக்கும் "சரிங்க"ன்னுட்டு திரும்பப் போட்டுட்டு வந்தாரு. நல்ல மனுசன். மெகருன் சமையலறையில போயி முந்தானையை வாயில வெச்சுட்டு நிக்கறா, தோளு குலுங்குது. அழுவறாளா சிரிக்கறாளான்னு தெரியல.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னன்னு கேட்டு, பீன்ஸைப் பொடியா அரியோணும்னு அந்த மனுசனுக்கு நானு சொல்லிட்டு இருக்கறேன், திடீர்னு காது கிழியற மாதிரி விசிலு!

நடு ஊட்டுல ஸ்டெல்லா, பட்டு மாதிரிச் சேலையில, வாயில விசிலை வெச்சுட்டு நிக்கறா. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு.

"அக்கா, ஒரே ஒரு நிமிசம். இவரு பேரு போஜன். தேயிலை ஃபேக்டரியில இருந்து ரிட்டயர் ஆனவரு. வாலிபால் ரெஃப்ரீ. மேட்சுக்குப் புள்ளைகளைக் கூட்டிட்டு வந்தப்பப் பழக்கம். அவரு வீட்டம்மா தவறி ஒம்பது வருசமாச்சு. வர்ற செப்டம்பர்ல நான் இவரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

அம்மிணி, அந்த நேரத்துல நானு என்ன சொல்லியிருக்கோணும்? சந்தோசம்னு சொல்லியிருக்கோணும். எனக்கு வாயில வந்தது வேற. "இந்த வயசுலயா?"ன்னுட்டேன்.

அவ மூஞ்சி அப்படியே விழுந்துபோச்சு. விசிலைக் கையில பொத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. போஜன் சாரு பீன்ஸைக் கீழ வெச்சாரு. நானு செருப்பை மாட்டிட்டு வெளிய வந்து தேயிலைக்கு நடுவால ஒரு பாறை மேல உக்காந்துட்டேன்.

எனக்கு வயசு கூடப் பெருசாத் தெரியலீங்க. மெகருனுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியல. பதினெட்டு வருசம் என்ற கையால சோறு தின்னவ, எங்கிட்டச் சொல்லோணும்னு அவளுக்கு ஏன் தோணல? நானு என்ன, அவளைப் பேச வேண்டாம்னா சொன்னேன்? அதுதான் எனக்கு ஆத்தாமை. அழுகையா வந்துச்சு.

கொஞ்ச நேரத்துல போஜன் சாரு டீ எடுத்துட்டு வந்தாரு. கருகருன்னு, நானு சொன்ன மாதிரியே. கொஞ்சம் தள்ளி உக்காந்தாரு. நானே கேட்டேன். "எல்லார்த்துக்கும் சொல்லியாச்சுங்களா? நாந்தான் கடைசியா?"

"இல்லீங்க. அவங்க தம்பிக்குக் கூட இன்னும் சொல்லல. மெகருன் டீச்சர் தானாக் கேட்டாங்களாம், அதனால அவங்களுக்குத் தெரியும். துளசியக்கா சரின்னு சொன்னாத்தான் மத்தவங்களுக்குச் சொல்லணும்னு இருந்தாங்க. மூணு மாசமா."

"நானு வேண்டாம்னா?"

அந்த மனுசன் தேயிலையைப் பாத்துட்டே இருந்தாரு. அப்பறம், "அதைத்தான் நானும் கேட்டேன். அவங்க பதில் சொல்லல"ன்னாரு.

டீ சூடு கையில ஏறுது. எனக்குக் குடிக்கத் தோணல. இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை எங்கையில குடுத்து வெச்சிருக்கறா, நானு பாத்ரூமுக்கு ஏழு நிமிசம்னு எழுதிட்டு இருந்திருக்கறேன்.

சாப்பாடு ஆச்சு. பீன்ஸு பொடியாத்தான் அரிஞ்சிருந்துச்சு. ரெண்டு மணிக்குக் கெளம்பிட்டோம். மேட்டுப்பாளையம் ரோட்டுல எறங்கறோம், வளைவு வளைவா. நானு எண்ணல. நாலு கிலோமீட்டரு ஆச்சு, அஞ்சு ஆச்சு, நானு வாயே தொறக்கல. மெகருன் பின்னாடி இருந்து என்ற நெத்தியத் தொட்டுப் பாத்தா. "காய்ச்சல் இல்லையே"ன்னா.

அப்பறந்தான் கேட்டேன். "ஏன் ஸ்டெல்லா, அவருகிட்ட என்னத்தைக் கண்டே? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

அவ ரோட்டைப் பாத்துட்டே சொன்னா. "நான் ஏதாவது சொன்னா, 'அப்பறம்?'னு கேப்பாரு அக்கா. கேட்டுட்டு, சும்மா இருப்பாரு."

இதென்ன பெரிய விசயம்னு எனக்குப் புரியலீங்க. இன்னைக்கும் முழுசாப் புரியல. ஆனா செஞ்சு பாக்கலாம்னு தோணுச்சு. அதனால, "அப்பறம்?"னு கேட்டேன். கேட்டுட்டு ரெண்டு கையையும் மடியில வெச்சு இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். சும்மா இருக்கறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க.

மொதல்ல அவளுக்கு நம்பிக்கை வரல. ஒருக்கா என்னத் திரும்பிப் பாத்தா. அப்பறம் பேச ஆரம்பிச்சவதான். கீழ எறங்கற வரைக்கும் நிறுத்தவே இல்லை. லீவு உட்டாவே அவளுக்குப் பயமாமா. எல்லாப் புள்ளைகளும் எப்படா லீவுன்னு இருக்கும், இவ மட்டும் மே மாசம் வருதேன்னு ஏப்ரல்லயே தூக்கம் வராமக் கெடப்பாளாமா. ஊட்டுல யாராச்சும் இருக்கற மாதிரி இருக்கட்டும்னு டிவியை உட்டுட்டுச் சமைப்பாளாமா. சில மே மாசம் வாரம் முழுக்க வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்னா.

"நானு வாரத்துக்கு ரெண்டு தரம் போன் பண்ணுவேனே, ஒவ்வொரு தரமும் ஒரு மணி நேரம்!"னேன்.

"பண்ணுவீங்க அக்கா"ன்னா. மெகருனுக்கு அந்நேரம் பாத்து இருமலு வந்துருச்சு.

இன்னொண்ணும் சொன்னாளுங்க. புளிச்சோத்துல நானு வெல்லம் போடறது அவளுக்குப் புடிக்காதாமா. பதினெட்டு வருசமாத் தின்னிருக்கறா! எனக்குச் சிரிப்புத் தாங்கல. அவளுக்கும் சிரிப்பு வந்துருச்சு, ஓரமா வண்டியை நிறுத்திப்போட்டு மூணு பேரும் சிரிச்சோம். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். எதனால வந்த தண்ணின்னு யாரும் கேக்கல.

கண்ணைத் தொடச்சுட்டு நானு நோட்டை எடுத்தேன். "செப்டம்பரு வேண்டாம்"னேன். அவளுக்குக் கை ஸ்டியரிங்குலயே நின்னுபோச்சு. "ஏன் அக்கா?"ன்னா.

"செப்டம்பரு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கறே? ஆகஸ்ட்ல வை. பிளான் நானு போட்டுத் தர்றேன்"ன்னேன்.

அந்தப் புள்ள என்ற தோள்ல சாஞ்சுட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதா. பின்னாடி ஒரு பஸ்ஸுக்காரரு ஹாரன் அடிச்சுட்டே இருக்கறாரு. இருக்கட்டும்னு உட்டுட்டோம்.

ஆகஸ்ட் மூணாவது சனிக்கெழமை கல்யாணம் ஆச்சு. கோத்தகிரியில ஒரு சின்னச் சர்ச்சு. தம்பிகாரன் வரமாட்டேன்னு சொன்னான். நானு போயி ரெண்டு மணி நேரம் பேசுனேன், வந்துட்டான். என்ற பேச்சை நிறுத்தறதுக்காவது வந்துர்றேன்னு சொன்னான்னு மெகருன் சொல்றா, அவ கெடக்கறா. கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் பக்கத்து ஹாலுக்கு வந்தோம். பிரியாணி அண்டாவைத் தெறக்கப் போறாங்க. அப்பப் பாத்து ஒருத்தரு மைக்கை எடுத்து, "பொண்ணு வீட்டுச் சார்பா துளசிமணியம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க"ன்னுட்டாரு. முன்னாடி எங்கிட்ட ஒரு பேச்சுச் சொல்லல.

மெகருன் தலையில கையை வெச்சுட்டா. எங்கூட்டுக்காரர் வாச்சைப் பாத்தாரு. எங்க ஸ்கூலு டீச்சருங்க நாலு பேரு நல்லாச் சாஞ்சு உக்காந்துக்கிட்டாங்க.

மேடை ஏறி மைக்கை வாங்கித் திரும்பிப் பாத்தேன். ஸ்டெல்லா வெள்ளைச் சேலையில, கத்திரிப்பூ கலருல மாலை ஒண்ணு போட்டுட்டு, போஜன் சாரு பக்கத்துல உக்காந்திருக்கறா. பயந்த மாதிரியும் இருக்குது, சிரிச்ச மாதிரியும் இருக்குது. அம்மிணி, எனக்கு வார்த்தையே வரலீங்க. எனக்கு!

"நல்லா இருங்க"ன்னேன். அவ்வளவுதான். அளந்து வெச்ச மாதிரி ரெண்டே வார்த்தை. மைக்கை அந்தாளு கையில குடுத்துப்போட்டு எறங்கப் போனேன். யாருக்கும் கை தட்டறதா வேண்டாமான்னு தெரியல.

அப்ப பின்னாடி இருந்து ஸ்டெல்லா குரலு. மைக்கு கிக்கு ஒண்ணுமில்லை, கிரவுண்டுல அந்தக் கோடியில இருக்கற புள்ளையைக் கூப்புடுவாளே, அந்தத் தொண்டை.

"அப்பறம்?"

திரும்பிப் பாத்தேன். ரெண்டு கையையும் மடியில கோத்து வெச்சுட்டு, கேக்கறதுக்குத் தயாரா உக்காந்திருக்கறா. பக்கத்துல அந்த மனுசனும் அதே மாதிரி.

அப்பறம் என்னங்க, மைக்கைத் திரும்ப வாங்கினேன். முப்பத்தஞ்சு நிமிசம்னு மெகருன் சொல்றா. பிரியாணி ஆறிப்போச்சுன்னு இன்னும் சொல்லிக் காட்டறா. ஆறட்டுமேங்க! கடைசி வரைக்கும் ஒருத்தர் கூட எந்திரிக்கல.